அப்பா வாங்கிய அடி

என் மூட்டுவலிக்கென்று மருமகள் கல்லுப்பை வறுத்துப் பழந்துணியில் முடிந்தாள். சூடான உப்பும் துணியும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும், நான் தலத்தெரு வீட்டில் சிறுமியாக நின்றேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போக வேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்த காலம். "போலீஸு அடிச்சாலும் நாம கை ஓங்கக் கூடாதுங்க" என்று கூட்டங்களில் அப்பா பேசுவார். ஒரு நாள் ஊர்வலத்தில் தடியடி விழுந்தபோது அப்படியே நின்று வாங்கிக்கொண்டார். தெருக்காரர்கள் அவரைத் தாங்கிப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். "திருப்பி ஒரு கை ஓங்கலையே, இப்படியும் ஒரு மனுஷரா!" என்று அழுதார்கள்.

எல்லோரும் போன பிறகு, என் அக்கா பிலோமினாதான் அப்பாவின் முதுகில் உப்பு ஒத்தடம் கொடுத்தாள். குழம்பு தீய்ந்தாலும், மாதா கோயிலிலிருந்து வரத் தாமதமானாலும் அப்பா அவளைப் பெல்ட்டால் அடிப்பார். கண்டிப்பு என்றுதான் வீட்டில் அதற்குப் பெயர். அடியே படாத செல்லப்பிள்ளையான நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

குப்புறப் படுத்திருந்த அப்பா திடீரென்று கேட்டார்: "ஏம்மா, நான் அடிக்கும்போது உனக்கும் இப்படித்தான் வலிக்குமா?"

"மொதல்லதாம்ப்பா வலிச்சுச்சு. அப்பறம் பழகிப்போச்சு" என்றாள் அக்கா.

அப்பா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று அக்கா இன்னும் மெதுவாக ஒற்றினாள்.

அதன் பிறகு அப்பா அவளை அடிக்கவே இல்லை. ஆனால் துண்டை உதற அவர் கையைத் தூக்கினாலே அக்கா முகத்தை மறைத்துக்கொள்வாள். கல்யாணமாகிப் போகும்வரை அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அப்பா கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்.