சுவரைப் பார்த்துக் கேட்ட கேள்விகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சாமான் தயாராகும் லைனில் நிற்கிறவள். அங்கே மெஷின் பழுது பார்க்கும் பிரிவில் ஓர் இடம் காலியானது. எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். சரியாகச் சொன்னால் லைன் ஆட்களும் போகலாம். ஆனால் பயிற்சிக்குக் கம்பெனி செலவு செய்யாதாம். “நீயே கத்துக்கினு வாம்மா” என்றுவிட்டார் சூப்பர்வைசர்.

அவளும் ஷிப்ட் முடிந்து வந்து செல்போனில் இலவசப் பாடம் பார்த்தாள். எல்லாம் தெரியும், ஆள் எதிரே உட்கார்ந்து கேட்டால்தான் வாயடைத்துவிடும். அதனால் கேள்வியையும் பதிலையும் நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்து, “அத்தை, நீங்கதான் ஆபீசர். கேளுங்க” என்றாள்.

எனக்கோ யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக் கேட்டேன். அவள் திணறினால் மனசு கேட்காமல் பதிலையும் நானே படித்துவிடுவேன். இரண்டு நாள் பொறுத்தவள், பதில்களைக் கத்தரித்து எடுத்துவிட்டாள்.

மெஷினில் கை வைக்கும் முன் கரண்டை நிறுத்தி, வேறு யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு நாள் அந்தக் கேள்வி.

“பூட்டு போட்டியே, சாவி எங்க?”

“என்னாண்டதான் கீது.”

“ஆராவது கேட்டா?”

“ஆரு கேட்டாலும் தரமாட்டேன்!”

பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். “இன்னாக்கா, பீரோ சாவிக்கா இம்மாஞ் சண்ட? மருமவ வெச்சிகினா இன்னா கொறஞ்சிபூடும்?”

நான் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். மருமகள் சிரித்த சிரிப்பில் அவளால் விளக்கக்கூட முடியவில்லை.

பரீட்சை அன்று சாயங்காலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். “இன்னா ஆச்சிமா?”

“அந்த சார் ஒரு வாட்டிகூட என் மூஞ்சிய பாக்கல அத்தை. லேப்டாப்ப பாத்துகினே கேட்டாரு. மத்தவங்கல்லாம் பதறிட்டாங்க. எனக்கு உங்களாண்ட பேசற மாதிரியே இருந்துச்சி. பூட்டு கேள்வியும் வந்துச்சி!”

அடுத்த வாரம் இடம் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அவளோடு லைனில் நின்ற இரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அவர்களுக்கும் நான்தான் ஆபீசராம். மறுபடியும் காலண்டரைத்தான் பார்த்துக் கேட்கப் போகிறேன். இதில், பதில்களைக் கத்தரித்தபோது பின்பக்கத்துக் கேள்விகள் சிலவும் போய்விட்டன. ஞாபகத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். சென்சாரில் தூசி படிந்தாலும் லைன் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறேன்; சரிதானா? மருமகளைக் கேட்டால் கிண்டல் செய்வாள். மெஷின் தெரிந்தவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தடவை சரிபார்த்துக் கொடுங்கள்.