தேயிலைக்கும் புகையிலைக்கும் பொருத்தம்

போன வாரம் என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். வெறுங்கையோடு வருகிற பழக்கம் அவனுக்கு இல்லை. இந்த முறை ஒரு மரப்பெட்டி. உள்ளே நான்கு குட்டித் தேயிலை டப்பாக்கள், நான்கு பைப் புகையிலைப் பொட்டலங்கள், கூடவே ஒரு அட்டை. எந்தத் தேநீரோடு எந்தப் புகையிலை சேரும் என்று அட்டையில் கட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள். நான் புகை பிடிப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். "புடிக்க வேணாம் மாமா, சும்மா மோந்து பாருங்க" என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் மூக்கடியில் நீட்டினான்.

நானும் கண்ணை மூடி ஆழமாக இழுத்தேன். "செர்ரிப் பழமால்ல மணக்குது" என்றேன். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கொரோனாவில் படுத்து எழுந்த நாளிலிருந்து எனக்கு எந்த வாசமும் தெரிவதில்லை. பொட்டலத்தின் மேல் செர்ரிப் படம் இருந்தது, பார்த்துச் சொன்னேன். அடுப்பில் பால் தீய்ந்தாலும் அசையாமல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆள் நான். என் மனைவியைத் தவிர யாருக்கும் இது தெரியாது. எதற்கு இந்த ஒளிவு மறைவு, இனி யார் உங்களை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று அவள் கேட்கிறாள். மூக்குப் போனவனை என்ன பாடு படுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், படுத்தியவர்களில் நானும் ஒருவன்.

இருபது வருடத்துக்கும் மேல் ஆகிறது. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீசில் எனக்குக் கடிதம் எழுதுகிற வேலை. வடநாட்டு ஏஜெண்டுகளுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும், புது வெடிக்குப் பெயர் வைக்க வேண்டும், அச்சகத்திலிருந்து வரும் லேபிளில் பிழை பார்க்க வேண்டும். எம்.ஏ. என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறையாகத் திரிந்தேன். அப்போதைய என்னை இப்போது எங்காவது பார்த்தால் பக்கத்தில் உட்கார மாட்டேன்.

எங்கள் முதலாளிக்குக் கல்கத்தா ஏஜெண்ட் ஒருவர் ஒரு தீபாவளி முடிந்த கையோடு பைப்பும் புகையிலையும் தேயிலையும் பரிசாக அனுப்பினார். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தப் பைத்தியம். அஸ்ஸாமிலிருந்தும் டார்ஜிலிங்கிலிருந்தும் தேயிலை வரவழைப்பார். ரம் வாசப் புகையிலை, வெண்ணிலா வாசப் புகையிலை, கறுப்பாக ஒட்டடை மாதிரி இருக்கும் இன்னொன்று என்று பீரோவில் அடுக்கி வைத்திருப்பார். இந்தப் புகைக்கு இந்தத் தேநீர்தான் ஜோடி என்று கண்டுபிடிப்பதற்கு அவர் வைத்த பெயர் 'பொருத்தம் பாக்குறது'. சொந்த மகளுக்குக்கூட அவ்வளவு நிதானமாக ஜாதகம் பார்த்தாரா என்பது சந்தேகம்தான்.

ஆனால் ஒன்று. தாயில்பட்டிப் பக்கம் இருந்த பட்டாசு ஆபீசுக்கு அந்தப் பைப் ஒருநாளும் போனதில்லை. எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையைப் பட்டாசு ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே கேட்டிலேயே பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். முதலாளியும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்த விஷயத்தில் அவர் நேர்மையானவர். அதனால் பொருத்தம் பார்ப்பதெல்லாம் டவுன் ஆபீசில், சனிக்கிழமை மத்தியானம்.

அந்தச் சபைக்கு நிரந்தர உறுப்பினர்கள் நானும் செல்லையாவும். செல்லையா பட்டாசு ஆபீசில் மருந்து அறைப் போர்மேன். வெடிக்குள் போகிற மருந்தை அவர் கலந்து கொடுத்தால்தான் மற்ற அறைகளில் வேலை நடக்கும். பதினேழு வருடமாக அந்த அறை அவருடையது. காலையில் வருகிற வேனில் முன்சீட்டு அவருக்கு மட்டும்தான். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'போர்மேன்' என்று அச்சடிப்பார்கள். மருந்துத் தேவைப் பட்டியலைக் கொடுக்க சனிக்கிழமை டவுனுக்கு வருவார், முதலாளி உட்கார வைத்துவிடுவார். கலவையில் ஈரம் பட்டுவிட்டால் அது உள்ளுக்குள் சூடாகி, மூக்கில் காரமாக ஏறுகிற ஒரு வாடை விடும். அதை முதலில் பிடிக்கிறவன்தான் நல்ல போர்மேன் என்பது முதலாளியின் கொள்கை. "அந்த ரூமுக்குக் கண்ணு வேணாம்யா, மூக்கு வேணும். செல்லையா மூக்குலதான் நம்ம கம்பெனியே நிக்குது" என்பார்.

சில வாரங்களில் எனக்கு ஒன்று பிடிபட்டது. புகையிலையை முகர்ந்ததும் செல்லையா வாயைத் திறக்க மாட்டார். நான் சொல்லும்வரை காத்திருப்பார். நான் "பிளம்ஸ் பழ வாசம்" என்றால் "ஆமா, பிளம்ஸு" என்பார். "இந்த டீக்கு இது சேராது" என்றால் "சேராதுல்ல, நானும் அதான் நெனச்சேன்" என்பார். நியாயமாகப் பார்த்தால் அவரைத் தனியே கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கோ கை ஊறியது.

அடுத்த சனிக்கிழமை லேபிள் வெட்டும்போது விழுந்த காக்கி நிறக் காகிதத் துணுக்குகளைப் புகையிலை டப்பாவில் நிரப்பினேன். சீனியைக் கருக்கி வெந்நீரில் கரைத்துக் கோப்பையில் ஊற்றினேன். முதலாளிக்கு முன்பே கண்ணைக் காட்டிவிட்டேன். "கல்கத்தாவுல இருந்து புதுசா வந்திருக்குண்ணே, மல்லிகைப்பூ வாசம்" என்று செல்லையாவிடம் நீட்டினேன். அவர் டப்பாவை மூக்கருகே வைத்து இழுத்தார். ஒரு வாய் குடித்தார். "மல்லியப்பூவேதான் மொதலாளி. டீயும் இதுவும் நல்ல பொருத்தம்" என்றார்.

முதலாளி சிரித்த சிரிப்பில் பைப் கீழே விழுந்தது. அங்கேயே விட்டிருக்கலாம். கைதட்டல் வாங்கியவனுக்கு நிறுத்தத் தெரியுமா? மேஜை துடைக்க மண்ணெண்ணெயில் நனைத்து வைத்திருந்த துணியை எடுத்து அவர் முகத்தருகே பிடித்தேன். "இது ரோஜாண்ணே, சரிதான?"

"ஆமா தம்பி. ரோசாப்பூ."

முதலாளியின் சிரிப்பு நின்றது. "செல்லையா, மண்ணெண்ணெ வாடை ஒமக்குத் தெரியலையா?"

செல்லையா துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"மூக்கு போயி ஆறு வருசம் ஆச்சு மொதலாளி. மருந்துல கெடந்து போனதுதான். ஆனா இந்த ஆறு வருசத்துல ஒரு தட்டு மருந்து கெட்டுப் போயிருக்கா, சொல்லுங்க. நான் பொறங்கையில பாப்பேன். வாடை வர்றதுக்கு முந்தியே சூடு வந்துரும். கைக்குத் தெரியும்."

"கை எல்லாருக்கும்தான்யா இருக்கு" என்றார் முதலாளி. திங்கட்கிழமையிலிருந்து செல்லையா கேட்டில் நிற்க வேண்டும் என்று உத்தரவானது. உடம்பு தடவிப் பார்க்கிற வேலை. அதற்கு மூக்கு தேவையில்லை அல்லவா?

புதுப் போர்மேனை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மருந்து அறையில் வேலை பார்த்த நான்கு பேரை டவுன் ஆபீசுக்கு வரவழைத்து, கண்ணைத் துண்டால் கட்டி, புகையிலையையும் தேயிலையையும் முகரக் கொடுத்தோம். துண்டு கட்டியதும் மார்க் போட்டதும் நான். கருப்பசாமி என்று முப்பது வயது ஆள் ஒருவன், கொடுத்த ஆறு டப்பாவையும் முகர்ந்து ஒரே மூச்சில் வகை பிரித்து வைத்தான். போதாததற்கு, "இந்தத் தேயிலை டப்பா ரொம்ப நாளா மூடாமக் கெடந்திருக்கு, நமத்துப் போச்சு" என்றான். முதலாளி அவனைக் கட்டிப்பிடிக்காத குறை. மருந்து கலப்பதைப் பற்றி யாரும் அவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மருந்து அறையும் வேனின் முன்சீட்டும் அவனுக்குப் போயின.

லேபிள் மாதிரிகளோடு நான் வாரத்தில் மூன்று நாள் பட்டாசு ஆபீசுக்குப் போவேன். கேட்டில் செல்லையா என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும்போது, "இன்னைக்கு என்ன வாசம்ணே?" என்று கேட்பேன். "மல்லியப்பூ தம்பி" என்பார், சிரித்துக்கொண்டே. அது அப்படியே பரவிவிட்டது. வேனிலிருந்து இறங்குகிற அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு அதையே கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு இருநூறு முறை அந்த மனிதர் மல்லிகைப்பூ சொன்னார். நான் பெயர் வைத்த வெடிகளில் எதுவும் அவ்வளவு பிரபலமாகவில்லை.

ஒருமுறை என் கண் முன்னாலேயே கருப்பசாமியை நிறுத்தி, "ஏலே, மூக்க மட்டும் நம்பாத. அப்பப்பப் பொறங்கைய வச்சுப் பாரு" என்றார். "மூக்கு இல்லாதவுகளுக்குத்தான கை வேணும்" என்று கருப்பசாமி சொல்லிவிட்டு உள்ளே போனான். நான்தான் முதலில் சிரித்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சீசன் முடிகிற நேரம், கடைசி ஆர்டருக்கு லோடு ஏற்றியாக வேண்டும். ஒரு புதன்கிழமை காலையில் செல்லையா என் பையைத் தடவாமல் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, கருப்பசாமிக்குச் சளி புடிச்சிருக்கு. ரெண்டு நாளாத் தும்மிக்கிட்டேதான் உள்ள போறான். மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா வயித்தெரிச்சலும்பாக."

"ஒங்களுக்கு வயித்தெரிச்சல் இல்லையாக்கும்?" என்றேன்.

அவர் அடுத்த ஆளின் பையைத் தடவப் போய்விட்டார். நானாகப் போய் மருந்து அறை வாசலில் நின்று கருப்பசாமியைக் கூப்பிட்டேன். கண் சிவந்திருந்தது, குரல் அடைத்திருந்தது. சளியா என்று கேட்டதும் பதறிவிட்டான். "சளியா, எனக்கா? ஒங்க பவுடர் வாசம் இங்கன வரைக்கும் அடிக்குதே சார்!" என்றான்.

அன்றைக்கு நான் பவுடர் போடவில்லை. மழைக்குப் பயந்து முகம்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறியிருந்தேன்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நிமிடம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவன் பொய் சொல்கிறான், செல்லையா சொன்ன அதே பொய், அதே பயத்தில். போனில் முதலாளியிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவனுக்கு மார்க் போட்டவன் நான். செல்லையா சொன்னது சரி என்று என் வாயால் சொல்ல வேண்டுமே. இரண்டு நாளில் சளி சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டவுனுக்குத் திரும்பினேன்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தகவல் வந்தது. முதலாளி அப்போதுதான் பைப்பை அடைத்துக்கொண்டிருந்தார். கருப்பசாமியோடு இன்னும் இரண்டு பேர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மருந்து அறை இருந்த இடத்தில் சுவர் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கே அடித்த வாசத்தை நான் எழுதப் போவதில்லை. போலீஸ்காரர்கள், தீயணைப்பு ஆட்கள், அழுதுகொண்டு நின்ற பெண்கள், எல்லோரும் கைக்கு அகப்பட்ட துணியால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். முதலாளி காரை விட்டு இறங்கவே இல்லை. முகத்தை மூடாமல் இருந்தவர் செல்லையா ஒருவர்தான். அதனாலேயே அவரால் குனிந்து எடுக்க முடிந்தது. ஒரு சாக்கை விரித்து, எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பொத்தியபடி ஓடி வந்த என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"இன்னைக்கு என்ன வாசம் தம்பி?" என்று கேட்டார்.

குத்திக்காட்டினார் என்று நினைக்காதீர்கள். அப்படி இருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. எல்லோரும் ஏன் இப்படி மூக்கைப் பொத்துகிறார்கள் என்று தெரியாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் துணியை எடுக்காமலேயே, "எனக்கும் தெரியலண்ணே" என்றேன்.

அந்தக் கம்பெனி பிறகு கை மாறி, பெயர் மாறி, இப்போது அந்த இடத்தில் சீமைக்கருவேல மரங்கள்தான் நிற்கின்றன. முதலாளி சாகும்வரை பைப் பிடித்தார், பொருத்தம் பார்க்க வேறு ஆட்கள் கிடைத்தார்கள். செல்லையா மறுநாளே கேட் வேலையை விட்டுவிட்டார். ஆலங்குளம் பக்கம் மகள் வீட்டில் இருந்தார் என்றும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். துக்கத்துக்கும் நான் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

அக்கா மகன் ஊருக்குப் போன பிறகு அந்த மரப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொட்டலமாக முகர்ந்தேன். நான்காவது பொட்டலத்தில் படம் எதுவும் இல்லை. அது என்ன வாசம் என்று என்னிடம் கேட்கக்கூடியவர் செல்லையா ஒருவர்தான் இருந்தார். அவருக்கு அன்றைக்குச் சொன்ன பதிலேதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அது பொய், இப்போது பொய்கூட இல்லை.