அரண்மனைக்கு அவர், புத்தர் கோயிலுக்கு நான்

போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அவர்களுடைய அத்தை வீட்டில் விட்டுவிட்டு, நானும் என் கணவர் சேகரும் சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் பயணம் போனோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு இரவு ஃபேக்டரியில் வேலை இருந்ததால் மூன்று மணிக்குள் அங்கிருந்து கிளம்பியாக வேண்டும்.

காலை 7.15க்குக் காரில் கிளம்பினோம். சுமார் 180 கிலோமீட்டர். வழியில் ஆயர் ஈத்தாமில் ரொட்டி சானாயும் தேநீரும், இருவருக்கும் 10 ரிங்கிட். (அந்த ஊரின் பேர்போன பீங்கான் கடைப் பக்கம் நான் திரும்புவதற்குள் அவர் வண்டியை எடுத்துவிட்டார்.) 10.40க்கு ஊருக்குள் நுழைந்தபோதுதான் பேச்சு வளர்ந்தது. இருக்கும் நேரத்தில் ஓர் இடம்தான் பார்க்கலாம். அவருக்கு அரண்மனை, எனக்குப் புத்தர் கோயில்.

"புத்தர் கோயில்ல நமக்கு என்ன வேலை?"

"தெரியலையே. அதனாலதான் போகணும்."

"அரண்மனைய விட்டுட்டு யாராவது போவாங்களா லா?"

"அப்ப நீங்க அங்க போங்க. நான் இங்க போறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் நாங்கள் வெளியூரில் தனித்தனியாகச் சுற்றியதே இல்லை. கடலைப் பார்த்த அரண்மனை அருகே அவர் காரை நிறுத்திக்கொள்ள, நான் ஃபோனில் வாடகைக் கார் பிடித்தேன். 9 கிலோமீட்டர், 13 ரிங்கிட். கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

செருப்பைக் கழற்றி உள்ளே போனால் ஊதுபத்திப் புகை. யாரும் எதுவும் கேட்கவில்லை. தங்க நிறப் புத்தரின் முன் கைகூப்பினேன். நம்மைப்போலவே பழமும் பூவும் படைத்திருந்தார்கள். விபூதி தருவார்களோ என்று கை தானாக நீண்டதை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

பின்பக்கக் கூடத்தில் மதியச் சைவச் சாப்பாடு. தட்டு கழுவும் இடத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு சீன அம்மா என் தட்டை வாங்கிக்கொண்டு, "சாப்பாடு பத்துச்சா?" என்றார். தமிழில்!

திகைத்துப் போனேன். "தமிழ் தெரியுமா ஆண்ட்டி?"

"காஹாங் பக்கம் எஸ்டேட்ல எங்கப்பா கடை வச்சிருந்தாரு. பக்கத்து வீடு தமிழ்க்காரங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும். அந்த வீட்டம்மா என்னை 'வாயாடி'ன்னுதான் கூப்பிடுவாங்க. எங்கம்மா அது கெட்ட வார்த்தைன்னு சொல்லி, இனி அங்க போகாதேன்னுட்டாங்க. அப்ப எனக்கு ஒன்பது வயசு. நானும் போகல. அது என்னா வார்த்தை?"

"இத்தனை வருஷமா யார்கிட்டயும் கேக்கலையா?"

"கெட்ட வார்த்தைன்னா கேக்க வெக்கம் லா."

"கெட்ட வார்த்தை இல்ல ஆண்ட்டி. ஓயாம பேசுற புள்ளய அப்படிக் கூப்பிடுவோம். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு."

"திட்டு இல்லையா?"

"செல்லமா சொல்றது."

"நான் போகலைன்னு அந்தம்மா தினம் வாசல்ல நின்னு கூப்பிட்டாங்க. நான் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன்" என்றார். பிறகு, "ஒரு வாட்டி அப்படிக் கூப்பிடேன்" என்றார்.

கூடம் நிறைய ஆட்கள். தயங்கி, பிறகு சத்தமாகவே கூப்பிட்டேன். "ஏய் வாயாடி!"

"என்னாம்மா!" என்று அவர் கத்தினார். கத்திவிட்டு அழுதார், சிரித்தார்.

2.30க்குச் சேகர் காரோடு வந்தார். அரண்மனையை வெளியே நின்று அறுபது படம் எடுத்திருந்தார். நல்ல படங்கள்தான். "ஆனா பக்கத்துல பேச ஆள் இல்ல" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: அரண்மனைக்குள் பார்வையாளர்களை விடுகிறார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியே நிழல் குறைவு, குடை வேண்டும். கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. சாப்பாடு எல்லா நாளும் இருக்காது, உண்டியலில் முடிந்ததைப் போடலாம். இரண்டில் எது என்று வீட்டில் சண்டை வந்தால், பிரிந்து போய்ப் பார்ப்பதில் தப்பில்லை.

திரும்பும் வழியெல்லாம் அந்த அம்மாவைப் பற்றியே பேசினேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் சேகர் கேட்டார்: "சரி, அவங்க பேரு என்ன?"

நான் கேட்கவே இல்லை.