ஞானத்தகப்பன் வீட்டு ஜனவரி ஒன்று

ஜனவரி ஒன்றாம் தேதிக்கு ஊர் ஏன் இப்படிக் குதிக்கிறது என்று கஸ்பாருக்கு வெகுகாலம் விளங்கவில்லை. முதல் நாள் தைத்த தார்ப்பாயை விட்ட இடத்திலிருந்துதானே மறுநாளும் தைக்க வேண்டியிருக்கிறது? சேலத்து லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவர் பிழைப்பு. கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒற்றை அறை. சமைப்பவரும் அவர், சாப்பிடுபவரும் அவர், சோறு குழைந்துவிட்டது என்று குறை சொல்பவரும் அவரே. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அதற்குக் காரணமும் ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி அவரே செய்துகொண்ட கூத்துதான்.

அது 1951. எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து தாய் தகப்பன் இல்லாமல் வந்து கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்த பூவாத்தாள், கிறிஸ்து வேதத்தில் சேர ஆசைப்பட்டாள். மடத்து மாட்டுக்கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டப் போன கஸ்பார், அவள் கையால் இரண்டு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதிலேயே மனசு போய்விட்டது. ஞானஸ்நானம் முடியட்டும், அடுத்த ஞாயிறே சாமியாரிடம் பெண் கேட்டுவிடலாம் என்றிருந்தார்.

புது வருஷப் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். ஞானத்தாயாக, அதாவது வேதத்தில் அவளுக்குத் தாயாக, நிற்க ஒப்புக்கொண்டிருந்த அம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். "இந்தப் பொண்ணுக்கு வேற யாரு நிக்கிறீங்க?" என்று சாமியார் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஒருத்தரும் அசையவில்லை. நேற்று வந்தவளுக்கு யார் நிற்பார்கள்? பூவாத்தாள் தலை கவிழ்ந்து நின்றாள். கஸ்பாருக்கு அது பொறுக்கவில்லை. "நான் நிக்கிறேன் சாமி" என்று முன்னால் போய் அவள் தோளில் கை வைத்தார். அவளுக்கு ஆரோக்கியம் என்று பெயரிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் பெண் கேட்டதும் சாமியார் சிரித்தேவிட்டார். "அவளுக்கு நீ ஞானத்தகப்பன். மகளை எவனாவது கட்டுவானா? திருச்சபைச் சட்டமே ஒத்துக்காதப்பா." சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாடம்தான். அவசரத்தில் மறந்து தொலைத்திருந்தார். வீட்டுக்கு வந்து, அன்று முழுக்க அழுதார்.

அடுத்த வருஷம் மில் தொழிலாளி உபகாரசாமிக்கு ஆரோக்கியத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணப் பந்தியில் முன்னின்று பரிமாறியவர் கஸ்பார். தனக்குப் பார்த்த பெண்களை ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார்.

ஞானப்பிள்ளைகள் வருஷப்பிறப்பன்று ஞானப்பெற்றோரைத் தேடி வந்து ஆசீர்வாதம் வாங்குவது அந்தக் கோயில் ஜனங்களின் வழக்கம். ஆரோக்கியமும் ஒரு வருஷம் தவறாமல் வந்தாள். முதலில் புருஷனோடு, பிறகு இரண்டு பிள்ளைகளோடு. "தோத்திரமுங்கப்பா" என்று மண்டியிடுவாள். இவர் அவள் நெற்றியில் சிலுவை வரைவார். அரை மணி நேரம் அந்த அறையில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். ஊர் எதற்குக் குதிக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க ஒரு சாக்கு வேண்டுமே!

1962 ஐப்பசியில் உபகாரசாமி விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். துக்க வருஷம் என்பதால் அடுத்த புது வருஷத்துக்கு ஆரோக்கியம் வரவில்லை. வரமாட்டாள் என்று தெரிந்தும் கஸ்பார் பொழுது சாயும்வரை கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷம் கோயிலுக்குப் புதிய சாமியார் வந்தார். கோயில் பந்தலுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த கஸ்பார், யாருக்கோ கேட்பது போல ஞான உறவுச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார்.

"அதுக்கு விலக்கு உண்டே. மேற்றிராணியாருக்கு, அதான் பிஷப்புக்கு, ஒரு கடுதாசி எழுதினாப் போதும். எப்பவும் உண்டு" என்றார் சாமியார்.

கோணி ஊசி கஸ்பாரின் விரலில் ஏறியது. ஒரு கடுதாசி! பன்னிரண்டு வருஷத்தை ஒரு கடுதாசிக்குத் தோற்றிருக்கிறார். கேட்காத தன் வாயைத் திட்டித் தீர்த்தார். கோபம் அடங்கியதும், இப்போதும் கேட்கலாமே என்று தோன்றியது. வருஷப்பிறப்பன்று அவள் வருவாள். அன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

1964 ஜனவரி ஒன்று. பூசை முடிந்ததும் அவசரமாக வீட்டுக்கு வந்து, காராபூந்தியும் வாழைப்பழமும் எடுத்து வைத்துவிட்டுச் சொல்லவேண்டியதைச் சுவரைப் பார்த்து நாலு தடவை சொல்லிப் பார்த்தார். ஆரோக்கியம் பிள்ளைகளோடு வந்தாள்.

"போன வருஷம் வர முடியலீங்கப்பா" என்றாள். பிள்ளைகள் பூந்தியில் இறங்கின.

"ஆரோக்கியம், உங்கிட்ட ஒண்ணு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"நானும் ஒண்ணு சொல்லோணுமுங்க. நீங்க வையக் கூடாது." அவள் தரையைப் பார்த்தாள். "எளம்பிள்ளையில தறி போட்டிருக்கறவருங்க. சவரியாருன்னு பேரு. சம்சாரம் தவறிப்போச்சு. என்னையக் கட்டிக்கறேன், புள்ளைங்களையும் பாத்துக்கறேங்கறாரு. எனக்குத் தகப்பன்னு இருக்கறது நீங்க ஒருத்தருதானுங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாமுங்க."

வேண்டாம் என்று ஒரு சொல். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பயந்து போயிருந்தாள். அப்பன் என்ன சொல்வாரோ என்ற பயம்.

"ஆளு நல்லவனா?"

"நல்லவருங்கப்பா."

"அப்ப சரி. நானே போய்ப் பேசறேன். கோயிலுக்கும் நானே உன்னைக் கூட்டிட்டு வரேன்."

அவள் அழுதுகொண்டே மண்டியிட்டாள். கஸ்பார் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். விரல் நடுங்கியது.

"குளுருதுங்களாப்பா?" என்றாள்.

"ஆமா தாயி. மார்கழியல்ல?" என்றார் கஸ்பார்.