கெட்டியார் வீட்டுக் கதவு

சேற்று நிலத்தில் சாம்பலும் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து, உருளை ஓட்டி, தண்ணீர் தெளித்து இறுக வைப்பது அவர் தொழில். யார் சந்தேகப்பட்டாலும், "தண்ணி விடுங்க, கெட்டியாயிடும்" என்பார். அதனால் கெட்டியார் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

சொந்த வீடு கட்டியது கொழகொழ மண்ணில். செங்கல் தூள் அப்போது கைவசம் இல்லை. இடித்த அலுவலகத்தின் ஜிப்சம் கூரைப் பலகைகள் சும்மா கிடைத்தன. பொடித்துச் சுண்ணாம்போடு கலந்துவிட்டார். குப்பையும் ஒழிந்தது, தரையும் ஆயிற்று என்று அவருக்கு ஒரே பெருமை.

அடுத்த மழைக்காலத்தில் மகள் கைக்குழந்தையோடு வந்து பின்னறையில் தங்கினாள். அந்த அறைக் கதவு அடியில் உரச ஆரம்பித்தது. சுவரோர மண் இறுகாமல் கதவு நிலை கீழே இறங்குகிறது என்று கெட்டியார் முடிவு கட்டினார். கதவின் அடியைச் சீவிவிட்டு, சுவரோரம் தினமும் குழாயைத் திறந்துவிட்டார். கதவு மறுபடி உரசியது. மறுபடி சீவினார், தண்ணீரையும் கூட்டினார். மனிதருக்கு அவ்வளவு பிடிவாதம்.

"ஊருக்கெல்லாம் தண்ணி காட்டினது போதாதா? சொந்த வீட்டுக்குமா?" என்று மனைவி கிண்டலடித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் பின்னறைத் தரைக்கல் காலடியில் டொக்கென்று ஒலித்தபோது குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

ஒருநாள் வேலையிடத்தில் உருளை ஓட்டுகிறவன் சொன்னான்: "அண்ணே, பக்கத்துக் கிடங்குல சுவர் பிளந்துடுச்சு."

"தரை இறங்கிடுச்சா?"

"இறங்கலண்ணே, ஏறிடுச்சு! ஜிப்சத்தைச் சுண்ணாம்போட கலந்துட்டாங்களாம். தண்ணி இறங்க இறங்க மண்ணு உப்பிக்கிட்டே போகுமாம்."

காலையில் திறந்த வீட்டுக் குழாயைக் கெட்டியார் இன்னும் மூடவில்லை.

விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. உள்ளே மனைவி பின்னறைக் கதவைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் குழந்தை வீரிட்டு அழுதது.

"முதல்ல குழாயை மூடு!" என்று கெட்டியார் கத்தினார்.

"இங்க உயிர் போகுது, குழாயா முக்கியம்?"

அவர் கதவில் மோதினார். கதவு அசையவில்லை. மேலிருந்து காரை உதிர்ந்து அவர் தலையில் கொட்டியது.

உள்ளே இருந்து மகள் கத்தினாள்: "அப்பா, சீக்கிரம்! தரை கதவைக் கெட்டியா பிடிச்சிருக்குப்பா!"