எதிர் இழை

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை பார்த்தவர். பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷனில் எடுக்கும் கட்டியிலிருந்து ஒரு துண்டை எங்கள் ஆராய்ச்சிக்குக் கேட்டு வார்டுக்குப் போயிருந்தேன். சுண்ணாம்பு அரித்த விரல்கள். எது கைக்கு வந்தாலும் ஓரத்தைத் தேய்த்துப் பருமன் பார்ப்பார். நான் நீட்டிய சம்மதத் தாளையும் அப்படித்தான் பார்த்தார்.

"அத வச்சி இன்னா பார்ப்பீங்க சார்?"

"கட்டி வளராம தடுக்கிற ஜீன் ஒண்ணு இருக்குங்க. டி.என்.ஏ.ல ரெண்டு இழை இருக்கும்; அந்த ஜீனுக்கு எதிர் இழையிலேர்ந்து வர்ற ஆர்.என்.ஏ. ஜாஸ்தியானா அந்த ஜீன் அடங்கிடுதான்னு பார்க்கிறோம். பேர் போடமாட்டோம், நம்பர்தான்."

"ட்ரம்முல போடறதுக்கு முந்தி நாங்களும் தோல் ஓரத்துல நம்பர் குத்துவோம். எத்தினி கலந்தாலும் யாரோடதுன்னு தெரிஞ்சிடும். என் நம்பர சொல்லுங்க, வந்து கேட்டுக்கறேன். ஷாப்பு வேலையாலயா, நீங்க சொல்ற அதாலயான்னு தெரியணும். என் பையனும் அங்கதான் போறான்."

முடிவை யாருக்கும் தனியாகச் சொல்வதில்லை என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முடிவு வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். அவர் துண்டில் அந்த ஆர்.என்.ஏ. எக்கச்சக்கமாக இருந்தது. எதனால் என்றுதான் அதில் இல்லை. காலையில் பேரணாம்பட்டு பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம், பையன் இந்நேரம் ஷாப்புக்குப் போயிருப்பான் என்று தோன்றும்.