‘த’ என்று சொன்னால் எந்தக் கிணறு?

போன வருஷம் பங்குனி மாதம், நெடுந்தீவில் நடந்தது இது. எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்களோடு நாலு வார்த்தை கதைக்கவேணும் என்று பின்னேரங்களில் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற ‘எ’ (a), ‘த’ (the) என்ற இரண்டு சின்னச் சொற்களைப் படித்தோம். ஒன்றென்றால் ‘எ’ வரும், பலதுக்கு வராது. ‘த’ இரண்டுக்கும் வரும், ஆனால் எதைச் சொல்கிறோம் என்று கேட்கிறவருக்கும் தெரிந்திருக்க வேணுமாம். எனக்குத் தலை சுற்றியது. தமிழில் கிணறு என்றால் கிணறுதானே!

அப்போது ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்து தங்கியிருந்தார்கள். காலையில் என் வீட்டுக்காரர் தன் ஓட்டோவில் அவர்களைக் கூட்டிப்போனார்; நானும் போனேன். வெட்டவெளியில் ஒல்லாந்தர் காலத்துக் கிணறுகள் கிட்டக்கிட்ட இருக்கும். பக்கத்துக் கல்தொட்டிகளில் காட்டுக்குதிரைகள் தண்ணீர் குடிக்க வரும். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

மத்தியானம் சாப்பிட்டபின் அவ படுத்துவிட்டா. ஐயா தொப்பியைப் போட்டுக்கொண்டு தனியே நடக்கப் போனார். வெயில் சாயத் தொடங்கியும் ஆளைக் காணவில்லை. திடீரென்று அம்மாவின் போன் அடித்தது. எடுத்தது ஐயா; இரண்டொரு சொல் அவ காதில் விழ, அதோடு போன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தால் வேலை செய்யவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னா. ஐயா விழுந்துவிட்டார், கிணற்றடியில் கிடக்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

“கிணறு இல்லாத வீட்டு வளவு இஞ்ச எங்கை இருக்கு? அவர் பழைய கோட்டைப் பக்கம் போறதை ஆரோ கண்டவையாம். அங்கை தேடுவம், ஏறும்!” என்றார் இவர்.

கோட்டை ஒரு திசை, காலையில் போன வெளி வேறு திசை. பிழையான பக்கம் போனால் பொழுது போய்விடும்.

“எ வெல்?” ஐயா அப்படியா சொன்னவர் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“நோ, நோ. த வெல்ஸ்!”

ஒரு கிணறில்லை, கிணறுகள். அதுவும் அவவுக்கும் தெரிந்த கிணறுகள். அவ இந்தத் தீவில் பார்த்த கிணறுகள் வேறெவை?

“இஞ்சருங்கோ, கோட்டைக்கு வேண்டாம். காலமை போன இடத்துக்கு விடுங்கோ!”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம்” என்றேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

அந்த வெளியை இப்போது நினைத்தாலும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. வெக்கையில் தரை அலையலையாக நெளிந்தது. தூரத்தில் நின்ற குதிரைகள் தண்ணீருக்கு மேலே மிதப்பதுபோலத் தெரிந்தன. கிட்டப் போனதும் அவை மெல்ல விலகின. நடுவில், தொட்டியின் ஒடுங்கிய நிழலில் ஐயா கிடந்தார். கணுக்கால் வீங்கி, முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் எழுந்து அள்ள ஏலாமல் போய்விட்டது. என் சால்வையை நனைத்து அவர் தலையில் போட்டேன். அம்மா மண்ணில் உட்கார்ந்து அவருக்குத் துளித்துளியாகத் தண்ணீர் பருக்கினா. குதிரைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு மூன்று பேருமாக அவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம்.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்றாம் நாள் பொல்லு ஊன்றியபடி வள்ளம் ஏறினார் ஐயா.

இப்போதும் யாராவது ‘த’ என்று சொல்லக் கேட்டால் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். நான் கண்டது உனக்கும் தெரியும் என்று ஒரு மனுசர் இன்னொருவரை நம்புகிற நம்பிக்கை, அவ்வளவு சின்னச் சொல்லுக்குள் இருக்கிறதே என்று.